நாவிளிம்பில் பிறக்கும் எழுத்து

எங்கள் பகுதிப் பள்ளிவாசலில் மஃரிப் தொழுகைக்குப் பின் பெரியவர்களுக்கென ஓர் ஓதல் வகுப்பு நடைபெற்று வருகிறது. சிட்லபாக்கம், குரோம்பேட்டை, சேலையூர் ஆகிய இடங்களிலிருந்து பணி ஓய்வு பெற்றோரும் கடை வைத்திருப்போரும் வந்து அமர்வர். இவர்களுள் ஏறத்தாழ அனைவரும் வேற்றூரிலிருந்து வந்து குடியேறியவர்களே. காயல்பட்டினம், கீழக்கரை, மேலப்பாளையம் எனத் தென்கோடியிலிருந்து வந்தோர் ஒருபுறம். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து உருது பேசுவோர் மறுபுறம். வளைகுடா நாடுகளில் இருபது முப்பது ஆண்டுகள் உழைத்துத் திரும்பியோர் இன்னொரு புறம். எனவே நோன்பு மாதம் நெருங்கும்போது ஒரே வரிசையில் அமர்ந்திருப்போர் அதனை மூன்று பெயர்களால் அழைக்கக் கேட்கலாம். ஒருவர் 'ரமளான்' என்பார். அடுத்தவர் 'ரம்ஜான்' என்பார். மூன்றாமவர் 'ரமதான்' என்பார். என்னையே சிலர் 'ஹள்ரத்' என்றும் சிலர் 'ஹஜ்ரத்' என்றும் விளிக்கின்றனர். இருவர் வாயிலும் இருப்பது ஒரே அரபுச் சொல். அதில் தடுமாறுவதும் ஒரே எழுத்து.

சென்ற ஆண்டு அவ்வகுப்பில் சேர்ந்த அறுபத்தைந்து வயதுப் பெரியவர் ஒருவர், தென்கடற்கரை ஊரொன்றைச் சேர்ந்தவர், ஒரு மாதம் வரை வாய் திறந்து ஓதவே இல்லை. பிறர் ஓதும்போது உதடுகளை மூடிக்கொண்டு மெல்ல முனகிக்கொண்டிருப்பார். ஓர் இரவு எல்லாரும் சென்ற பின் காரணத்தைக் கூறினார். சில ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் ஊரில் அவர் இமாமாக நின்று தொழுவித்தபோது, பின்னால் நின்ற இளைஞர் ஒருவர், "நீங்கள் ஓதியது அரபியே அல்ல, ஃபாத்திஹா சூராவின் கடைசிச் சொல்லில் வரும் ளாதைத் தமிழ் 'ள'வாக்கிவிட்டீர்கள், தொழுகையே கூடாது" என்று பலர் முன்னிலையில் கூறிவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் கூடத் தம் மகனையே முன்னிறுத்திப் பின்னால் நின்று தொழுகிறார். "ஹள்ரத், என் நாக்கு தமிழ் நாக்கு. அறுபது வருஷம் இப்படியே ஓதிவிட்டேன். இனி இதில் ளாத் வருமா? இத்தனை நாள் தொழுததெல்லாம் என்ன ஆகும்?" என்று கேட்டார்.

அவருக்கு நான் ஒரே மூச்சில் விடை சொல்லவில்லை. விடை சொல்வதற்கு முன் மனிதன் எவ்வாறு ஒலி எழுப்புகிறான் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பல மாலைகளில் அவரிடம் சிறிது சிறிதாகக் கூறியதைத்தான் இங்கு ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

மனிதன் எழுப்பும் ஒலிகள் அனைத்திற்கும் மூலப்பொருள் ஒன்றே. அது வெளிச்செல்லும் மூச்சு. அம்மூச்சு குரல்வளையில் உள்ள இரண்டு மெல்லிய தசைமடிப்புகளுக்கிடையே புகுந்து அவற்றை அதிரச் செய்தால் குரல் பிறக்கிறது. ஆடவர் பேசும்போது அவை நொடிக்கு ஏறத்தாழ நூறு முதல் நூற்றைம்பது முறையும், பெண்டிர் பேசும்போது இருநூறு முறை அளவிலும் அதிர்கின்றன. உதடுகளை மூடிக்கொண்டு இக்குரலை மூக்கின் வழியே மட்டும் விட்டால் அது முனகல். மடிப்புகளை அதிரவிடாமல் வெறுங்காற்றைக் குவித்த உதடுகளின் சிறு துளை வழியே செலுத்தினால் அது சீழ்க்கை. முனகலில் குரல் உண்டு, வாய்வழி இல்லை. சீழ்க்கையில் வாய்வழி உண்டு, குரல் இல்லை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வெளியில்தான் உலக மொழிகளின் எழுத்துகள் பெரும்பாலும் பிறக்கின்றன.

இவ்வுண்மையை முன்னோர் கருவிகள் ஏதுமின்றியே கண்டறிந்தனர். பஸராவின் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் அரபு அகராதி ஒன்றை வகுக்க முற்பட்டபோது, வழக்கமான அகரவரிசையை விட்டுவிட்டுத் தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு வரை எழுத்துகளை அவை பிறக்கும் இடப்படி அடுக்கினார். அவ்வாறு அமைந்த வரிசை 'ஐன்' எழுத்தில் தொடங்கியதால் நூலுக்குக் 'கிதாபுல் ஐன்' என்றே பெயர் வழங்கியது. எழுத்தின் பிறப்பிடத்தை அறிய அவர் கையாண்டதாக அந்நூலின் முன்னுரை கூறும் வழி மிக எளியது. எழுத்தை உயிரின்றி நிறுத்தி, அதற்கு முன் ஒரு 'அ'வைச் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பதே அது. 'அப்', 'அத்', 'அஃ' என்று சொல்லும்போது ஒலி எங்கு தடைபட்டு நிற்கிறதோ அதுவே அவ்வெழுத்தின் மக்ரஜ். இன்றும் மக்தபில் ஏழு வயதுச் சிறுவனுக்கு இதே வழியைத்தான் கற்பிக்கிறோம்.

ஹிஜ்ரி 392-இல் (1002) மறைந்த இப்னு ஜின்னீ தம் எழுத்தாய்வு நூலில் மனிதனின் தொண்டையையும் வாயையும் ஒரு குழலுக்கு ஒப்பிட்டார். குழலூதுவோன் விரல்களை வெவ்வேறு துளைகளில் வைக்க, ஒரே காற்று வெவ்வேறு ஓசையாக வெளிப்படுவதுபோல், வாயின் வெவ்வேறிடங்களில் மூச்சு தடைபட வெவ்வேறு எழுத்துகள் பிறக்கின்றன என்பது அவர் கருத்து. மருத்துவ மேதை இப்னு ஸீனா (மறைவு ஹிஜ்ரி 428/1037) எழுத்துகள் தோன்றும் காரணங்களைப் பற்றித் தனியொரு சிறு நூலே எழுதினார். குரல்வளையின் குருத்தெலும்புகளையும் நாவின் தசைகளையும் அதில் விவரிக்கிறார். முன்குருத்தெலும்பைக் கேடயம் போன்றது என்கிறார். இன்றைய உடற்கூற்றியலும் அதனைக் கேடயத்தின் பெயராலேயே அழைக்கிறது. மனிதர் அல்லாத பொருள்களின் உராய்விலும் மோதலிலும் எழுத்தொலிகளை ஒத்த ஓசைகள் பிறப்பதையும் அந்நூலின் இறுதியில் ஆராய்கிறார். சமையலறைக் குக்கரின் விசிலைக் கேட்டு என் பேரன் 'ஸீன்' என்று சொன்னபோது எனக்கு அப்பகுதிதான் நினைவுக்கு வந்தது.

வெற்றொலி எப்போது பேச்சாகிறது என்னும் வினாவை ஃபிக்ஹு அறிஞர்களும் எதிர்கொண்டனர். தொழுகையில் பேசுதல் கூடாது. ஆனால் தொழுபவன் செருமுகிறான், விம்முகிறான், முனகுகிறான், ஊதுகிறான், இவை பேச்சா? இமாம் நவவீ (ரஹ்) தம் 'மின்ஹாஜ்' நூலில் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தாகக் கூறுவது இது: இவ்வொலிகளில் இரண்டு எழுத்துகள் வெளிப்பட்டால் தொழுகை முறியும், இல்லையேல் முறியாது. செருமும்போது 'அஹ்' என இரண்டெழுத்து தெளிவாக விழுந்தால் அது பேச்சின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. எனினும் அடக்கவியலாமல் வரும் செருமலும், ஃபாத்திஹாவை ஓத முடியாதபடி தொண்டை அடைத்து அதனைத் தெளிவாக்கச் செருமுவதும் மன்னிக்கப்படும் என்பதையும் அவர் சேர்த்தே எழுதியிருக்கிறார். 1928-இல் காசநோயாளருக்கென நிறுவப்பட்ட தாம்பரம் சானடோரியம் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவுதான். நெஞ்சு நோயுடன் தொழ வருவோர் பலரை நான் அறிவேன். இருமலுக்கு அஞ்சி ஜமாஅத்தை விட்டுவிட எண்ணியவர்களுக்கு இச்சட்டத்தின் பின்பாதி எத்தகைய ஆறுதல் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இனி முனகலுக்கு வருவோம். தஜ்வீத் கலையில் இதற்கு இணையானது 'குன்னா'. மீம், நூன் ஆகிய இரண்டு எழுத்துகளின் உடலோடு ஒட்டிய மூக்கொலி அது. இப்னுல் ஜஸரீ (ரஹ், மறைவு ஹிஜ்ரி 833/1429) தேர்ந்துகொண்ட கணக்குப்படி எழுத்துகளின் பிறப்பிடங்கள் பதினேழு. அவை அடங்கும் பகுதிகள் ஐந்து. வாய்க்குழி, தொண்டை, நா, உதடுகள் ஆகிய நான்கிற்கும் பின் ஐந்தாவதாக வருவது 'கைஷூம்' என்னும் மூக்கின் உட்புறம். குன்னாவின் இருப்பிடம் அதுவே. இதனைச் சோதிக்க, மூக்கை விரல்களால் பிடித்துக்கொண்டு 'ம்' என்று நீட்டிப் பாருங்கள். ஒரு நொடியில் ஒலி செத்துவிடும். ஸீபவைஹி (ரஹ்) ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே இச்சோதனையைச் சுட்டிக்காட்டியுள்ளார். வகுப்பில் இதைச் செய்யச் சொன்னால் பெரியவர்களும் சிறுவர்களாகிவிடுகின்றனர்.

முனகலைப் பற்றிச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் 2002-இல் வெளியிட்ட ஆய்வொன்று குறிப்பிடத்தக்கது. அமைதியாக மூச்சுவிடுவதைக் காட்டிலும் முனகிக்கொண்டே மூச்சுவிடும்போது மூக்கிலிருந்து வெளிப்படும் நைட்ரிக் ஆக்சைடு பதினைந்து மடங்கு கூடுகிறது என அவர்கள் கண்டனர். மூக்கைச் சூழ்ந்த எலும்பறைகளிலிருந்து காற்று விரைந்து வெளியேறுவதே காரணம். குன்னா ஓதினால் நோய் தீரும் என்று இதிலிருந்து சிலர் பேசத் தொடங்கியுள்ளனர். அவ்வாய்வு அப்படியொன்றும் சொல்லவில்லை. மூக்கும் அதன் அறைகளும் வெறும் வழியன்று, முனகலின்போது அதிரும் கலன் என்ற அளவில் அது நமக்குப் போதும்.

தொல்காப்பியர் தம் பிறப்பியலில் இதே செய்தியைக் கூறியிருப்பதை அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு நான் தவறாமல் காட்டுவதுண்டு. மூச்சு உந்தியிலிருந்து எழுந்து, தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் எழுத்தாகிறது என எட்டு உறுப்புகளை எண்ணுகிறார் அவர். மெல்லெழுத்துகள் ஆறும் தத்தம் இடங்களில் பிறந்தாலும் மூக்கின் காற்றால் இசைபெறுவன என்றும் தெளிவாக்குகிறார். அரபு இலக்கணியர் நூனுக்கும் மீமுக்கும் சொன்ன இரட்டைப் பிறப்பு இதுதான்; வாயில் ஓரிடம், மூக்கில் ஓரிடம்.

நூன் ஸாகினின் சட்டங்களைக் கற்பதில் பிறமொழியாளர் படும் பாடு தமிழருக்கு இல்லை. 'அங்கு', 'பஞ்சு', 'நண்டு', 'பந்து', 'கம்பு' என்னும் ஐந்து சொற்களைச் சொல்லிப் பாருங்கள். பின்வரும் வல்லெழுத்து எங்கு பிறக்கிறதோ அங்கேயே மெல்லெழுத்தும் போய்ச் சேர்ந்துகொள்கிறது. 'மரம்' என்பதோடு 'கள்' சேர்ந்தால் 'மரங்கள்' ஆகிறது. யாரும் கற்பிக்காமலேயே மூன்று வயதுக் குழந்தை இதைச் செய்கிறது. 'இக்ஃபா' என்னும் சட்டத்தில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே. 'மின்கும்' என்பதில் நாநுனி மேலண்ணத்தைத் தொடாமல், ஒலி காஃபின் இடத்தை நோக்கிச் சாய்ந்து, 'மிங்கும்' என மூக்கில் நிற்கிறது. 'மின் பஅத்' என்பது 'மிம் பஅத்' ஆகும் 'இக்லாப்' சட்டமும் நமக்குப் புதிதன்று. ஆனால் இவ்வுதவியோடு ஓர் இடறும் சேர்ந்தே வருகிறது. தமிழில் மெல்லெழுத்தை அடுத்துவரும் வல்லெழுத்து தன் வன்மை இழந்துவிடும். 'அக்கா'வில் உள்ள ககரமும் 'அங்கே'யில் உள்ள ககரமும் எழுத்தில் ஒன்று, ஒலியில் வேறு. ஆகவே 'மின்கும்' என்பதைத் தமிழர் ஓதும்போது காஃப் தளர்ந்து அரபியில் இல்லாத வேறோர் ஒலியாகிவிடுகிறது. குன்னாவை இரண்டு ஹரகத் அளவு நிறுத்தி, அதன்பின் 'அக்கா'வின் ககரத்தைச் சொல் என்றால் உடனே திருந்திவிடுகிறது. மூக்கொலி பிழை என்று நினைத்துப் பலர் ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பது உண்மையில் ககரப் பிழையே.

சீழ்க்கையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எனினும் பள்ளிவாசல் முற்றத்தில் சீழ்க்கை அடித்த சிறுவனை முஅத்தின் விரட்டியதும், "சீழ்க்கை அடிப்பது ஹராமா?" என்று அவன் என்னிடம் வந்து கேட்டதும் உண்டு. திருக்குர்ஆனின் எட்டாம் அத்தியாயம் முப்பத்தைந்தாம் வசனம், கஅபாவின் அருகே குறைஷியர் நடத்திய வழிபாடு சீழ்க்கையும் கைதட்டலுமாகவே இருந்ததைக் கண்டிக்கிறது. அங்கு வரும் 'முகாஃ' என்னும் சொல்லுக்குச் சீழ்க்கை என்றே விரிவுரையாளர்கள் பொருள் கொண்டனர்; சீழ்க்கை போன்று ஒலிக்கும் பாலைநிலப் பறவை ஒன்றின் பெயரோடும் அதைத் தொடர்புபடுத்தினர். இப்னு உமர் (ரலி) அவர்கள் அவ்வசனத்தை விளக்கும்போது கன்னத்தைச் சாய்த்துச் சீழ்க்கை அடித்தும் கைகளைத் தட்டியும் செய்தே காட்டினார்கள் என்னும் அறிவிப்பை இப்னு கஸீர் (ரஹ்) எடுத்தெழுதியுள்ளார். கண்டனம் வழிபாட்டைக் கேலிக்கூத்தாக்கியதற்கா, சீழ்க்கை ஒலிக்கேயா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பொருள் விளக்க ஒரு நபித்தோழர் சீழ்க்கை அடித்துக் காட்டியிருக்க, வெற்றொலியையே பாவமென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பள்ளிவாசலில் மட்டும் வேண்டாம் என்று அச்சிறுவனிடம் கூறினேன். துருக்கியின் கருங்கடல் மலைப்பகுதியில் 'குஷ்கோய்' என்னும் சிற்றூர் மக்கள் பள்ளத்தாக்குக்கு அப்பால் இருப்போருடன் சீழ்க்கையாலேயே முழு உரையாடல் நடத்துகின்றனர். யுனெஸ்கோ 2017-இல் அதனை அழியும் நிலையிலுள்ள மரபாகப் பதிவு செய்தது. அவர்களும் ஐவேளை பாங்கொலி கேட்கும் முஸ்லிம்களே.

தஜ்வீதில் சீழ்க்கைக்கு 'ஸஃபீர்' என்று பெயர். ஸாத், ஸீன், ஸாய் மூன்றும் ஸஃபீர் எழுத்துகள். நாநுனிக்கும் முன்பற்களுக்கும் இடைப்பட்ட நுண்வழியில் காற்று பாய்ந்து சீறுவதே ஸஃபீர். பிற்காலத் தஜ்வீத் நூல்கள் ஸாதை வாத்தின் ஒலிக்கும், ஸாயைத் தேனீயின் ரீங்காரத்திற்கும், ஸீனை வெட்டுக்கிளியின் ஒலிக்கும் ஒப்பிடும். தேனீ ஒப்புமை மிகப் பொருத்தமானது. ஸீனில் இல்லாத குரலதிர்வு ஸாயில் உண்டு. இரண்டு விரல்களைத் தொண்டையில் வைத்துக்கொண்டு இரண்டையும் மாறி மாறிச் சொன்னால் விரல்களே வேறுபாட்டைச் சொல்லிவிடும். ஸாதைப் பொறுத்தவரை, சீழ்க்கை அடிக்கத் தெரிந்தவனுக்கு வேலை எளிது. சீழ்க்கையின் சுரத்தைத் தாழ்த்தும்போது நாவின் உடல் பின்வாங்கி, வாயின் முன்வெளி பெரிதாகிறது. ஸீனிலிருந்து ஸாதுக்குச் செல்லும்போதும் நா ஏறத்தாழ இவ்வாறே பின்னோக்கி எழுகிறது. விரட்டப்பட்ட அச்சிறுவன்தான் இன்று எங்கள் மக்தபில் ஸாதை மிகத் திருத்தமாக ஓதுகிறான்.

இப்போது பெரியவரின் வினாவிற்கு வரலாம். ளாத் எங்கு பிறக்கிறது? ஸீபவைஹியின் விடை, நாவின் விளிம்பின் முற்பகுதிக்கும் அதை அடுத்துள்ள கடைவாய்ப் பற்களுக்கும் இடையே என்பதாகும். நாநுனி அதற்குக் கருவியன்று. நாவின் பக்கவாட்டு விளிம்பே கருவி. தஜ்வீத் நூல்கள் இன்றளவும் இவ்வரையறையையே திருப்பிச் சொல்கின்றன. இடப்பக்கம் பெரும்பாலோருக்கு எளிது என்றும் காரிகள் கூறுவர். இதே விளிம்பில், சற்று முன்னே, லாம் பிறக்கிறது.

தொல்காப்பியத்தைத் திறந்தால், லகர ளகரங்களுக்கு அவர் கூறும் கருவியும் நாவின் விளிம்பே. விளிம்பு தடித்து மேற்பல்லின் அடியை அணுக, அங்கு அண்ணத்தை ஒற்றினால் லகரமும் வருடினால் ளகரமும் பிறக்கும் என்கிறார். பஸராவின் இலக்கணியரும் தமிழ் இலக்கணியரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வழியில்லை. ஆயினும் நாவிளிம்பு என்னும் ஒரே உறுப்பை இருவரும் சுட்டினர். அரபு வணிகரின் ளாதைக் கேட்ட தமிழ்ச் செவி, தன்னிடமிருந்த எழுத்துகளுள் அதற்கு மிக அண்மையானதாக ளகரத்தையும் ழகரத்தையும் எடுத்துக்கொண்டது வியப்பன்று. ரமளான், ஃபர்ளு, உளூ, களா, ஹைளு, ஹள்ரத் எனத் தமிழ் முஸ்லிம்களின் அன்றாடச் சொற்கள் அனைத்திலும் இது பதிந்துள்ளது. இலங்கையில் ழகரமாக எழுதுவர். அங்கு திருமண வழக்குகளை விசாரிப்பவர் 'காழி'. மலையாள மாப்பிள்ளைமாரும் 'ரமளான்', 'ஃபர்ள்' என்றே வழங்குகின்றனர். நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுத்தை வகுத்தபோது, அரபியில் இல்லாத இத்தமிழ் ஒலிக்கு ளாதின் கீழே ஒரு புள்ளி சேர்த்த வடிவத்தைப் படைத்துக்கொண்டனர். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ், 1816-1898) போன்றோரின் நூல்கள் உருவானது இவ்வெழுத்து மரபில்தான். ளாதும் ளகரமும் அண்டைவீட்டார் என்பதை அப்புள்ளியே சொல்கிறது.

இது தமிழ்ச் செவியின் குறையன்று என்பதற்கு வேறு நாடுகளிலும் சான்றுண்டு. காளி என்னும் நீதிபதிப் பதவியை ஸ்பானியர் 'அல்கால்தே' என்று ஏற்றனர். இன்று அது நகரத் தலைவரைக் குறிக்கிறது. 'அள்-ளைஅத்' என்னும் சிற்றூரைக் குறிக்கும் சொல் அவர்களிடம் 'அல்தேயா' ஆயிற்று. மேற்கு ஆப்பிரிக்க ஹவுஸா மொழியில் காளி 'அல்காலி'. மலாய் மொழியில் ஃபர்ளு 'பெர்லு' ஆகித் 'தேவை' என்னும் பொருளில் நாள்தோறும் வழங்குகிறது. ரிளா 'ரெலா' ஆயிற்று. அந்தலுஸ், ஆப்பிரிக்கா, தமிழகம், மலாய்த் தீபகற்பம் என ஒன்றுக்கொன்று தொலைவான நிலங்களின் செவிகள் அனைத்தும் ளாதில் ஒரு லகரச் சாயலைக் கேட்டிருக்கின்றன. மலாய்க்கு அச்சாயல் நம் கடற்கரை மரக்கலங்களில் சென்றிருக்கலாம் என்பது என் ஊகம். ஆனால் ஸ்பெயினுக்கு நம்மவர் எவரும் போய்க் கற்பிக்கவில்லை. அக்கால அரபியர் வாயில் ளாத் உண்மையிலேயே பக்கவாட்டு ஒலியாக இருந்தது என்பதே இதற்குப் பொருந்தும் விளக்கம். அதன் எச்சம் தென்மேற்கு அரேபியாவின் அஸீர் மலைப்பகுதி வழக்குகள் சிலவற்றில் இன்னும் கேட்கிறது. ஏமனுக்கும் ஓமனுக்கும் இடைப்பட்ட பகுதியில் பேசப்படும் மஹ்ரீ மொழியிலும் அத்தகைய ஒலிகள் உள்ளன.

உருது பேசும் சகோதரர்களின் 'ஜ'வுக்கும் ஒரு வரலாறு உண்டு. பாரசீகத்தில் தால், ஸாய், ளாத், ழா ஆகிய நான்கும் ஒரே ஒலியாகக் கலந்துவிட்டன. அதன் வழியே உருதுவுக்கும் வந்தது. 'ரமதான்' என்பதோ இன்றைய அரபு நாடுகளின் வழக்கு. அங்குப் பல நகரங்களில் ளாத், நாநுனியால் அழுத்திச் சொல்லும் தடித்த தாலாகிவிட்டது. மிஸ்ரின் ஷைக் மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ (1917-1980) முழுக் குர்ஆனையும் ஓதிப் பதிவு செய்தது 1961-இல். அவரைத் தொடர்ந்து ஒலிநாடாக்களும் குறுந்தகடுகளும் வீடுதோறும் வந்தபின், அரபியர் ஓதும் ளாத் இதுதான் என்ற எண்ணம் உலகெங்கும் வேரூன்றியது. ஆசிரியர் வாயிலிருந்து மாணவர் செவிக்கு இஜாஸாவுடன் வரும் காரிகளின் ஓதலைப் பிழையென்று நான் சொல்லத் துணியேன். ஆனால் தெருவில் கேட்கும் அரபியையே அளவுகோலாகக் கொண்டு நம் பெரியவர்களின் ளாதை எள்ளி நகையாடுவோர், ஸீபவைஹியின் ஏட்டை ஒருமுறை பிரித்துப் பார்ப்பது நல்லது.

அப்படியானால் தமிழ் ளகரமே ளாதா? இல்லை. இதையும் ஒளிக்காமல் அப்பெரியவரிடம் சொன்னேன். மக்களின் நாவுக்கு இதைவிடக் கடினமான எழுத்து வேறில்லை என்று கூறும் இப்னுல் ஜஸரீ, அதனை ஒவ்வொரு கூட்டத்தாரும் எவ்வாறு சிதைக்கின்றனர் என்று பட்டியலிடுகிறார்: ழா ஆக்குவோர் உண்டு; தாலோடு கலப்போர் உண்டு; ஸாயின் சாயல் தருவோர் உண்டு; தடித்த லாமாக மாற்றுவோரும் உண்டு. கடைசி வகைக்கு எடுத்துக்காட்டாகத் தம் 'தம்ஹீத்' நூலில் ஆப்பிரிக்கக் கொம்புப் பகுதியின் ஸைலா துறைமுகத்தாரையும் அவர்களைப் போன்றோரையும் குறிப்பிடுகிறார். அவர்களைப் போன்றோர் என்ற சொற்களுக்குள் நம் மரக்காயர்களும் அடங்குவர் என்றே கருதுகிறேன். ஒரே கடல், ஒரே மத்ஹபு, ஒரே வகை வணிகம்.

ளகரத்திடம் இல்லாதவை மூன்று. முதலாவது, ளகரத்தில் நாநுனி மேல்நோக்கி வளைகிறது. ளாதில் அது வளையாமல் ஓய்ந்து கிடக்க வேண்டும். இரண்டாவது, ளகரத்தில் காற்று தடையின்றி வழிந்தோடுகிறது. ளாதில் விளிம்பு கடைவாய்ப் பற்களை நெருக்கி அழுத்த, காற்று உரசிக்கொண்டே நீள வேண்டும். அந்நீட்சிக்கு 'இஸ்திதாலத்' என்று பெயர். எல்லா எழுத்துகளிலும் ளாதுக்கு மட்டுமே உரிய பண்பு அது. மூன்றாவது, நாவின் பின்பகுதி அண்ணத்தை நோக்கி எழும்பி ஒலியைத் தடிக்கச் செய்ய வேண்டும். ஸாதிலும் இவ்வெழுச்சி உண்டு. சீழ்க்கைச் சிறுவனுக்கு எளிதாக வந்ததும் இதுவே.

தொழுகை கூடுமா என்னும் அச்சத்திற்கு ஃபிக்ஹில் விடையுண்டு. ளாதை ழாவாக மாற்றி ஓதினால் ஃபாத்திஹா நிறைவேறாது என்பதே வலுவான கருத்து என மின்ஹாஜில் நவவீ (ரஹ்) எழுதுகிறார். ஆயின் இது திருத்திக்கொள்ள ஆற்றலும் வாய்ப்பும் இருந்தும் திருத்தாதவரைப் பற்றியது. நாவுக்கு வராதவரைப் பற்றியதன்று. இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் ஃபாத்திஹாவின் விளக்கத்தை முடிக்கும்போது, இவ்விரண்டின் பிறப்பிடங்களும் அண்மையானவை ஆதலால் அவற்றிடையே நேரும் தவறு மன்னிக்கப்படும் என்பதையே சரியான கருத்தாகக் கொள்கிறார். குர்ஆனைத் திக்கித் திக்கிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்னும் ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியை எல்லாரும் அறிவர். அவ்விளைஞரும் அறிந்திருக்கக் கூடும். "கடந்த தொழுகைகளை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள் காக்கா, அறியாமல் ஓதியதற்குக் களாச் செய்யச் சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. இனி வரும் தொழுகைக்குப் பழகுவோம்" என்றேன்.

பயிற்சியை ளகரத்திலிருந்தே தொடங்கினோம். முதலில் 'அள்' என்று சொல்லி நிறுத்தச் செய்தேன். பிறகு நாநுனியைக் கீழ்ப்பல்லின் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு, அதே 'அள்'ளை இடப்புறக் கடைவாயிலிருந்து மட்டும் சொல்லச் செய்தேன். முதல் வாரம் வெறுங்காற்றே வந்தது. மேற்பல் இரண்டு விழுந்துவிட்டதால் இடப்புறம் காற்று நிற்கவில்லை என்று கண்டு வலப்புறத்துக்கு மாற்றினோம். நூல்கள் அதற்கும் இடமளிக்கின்றன. மூன்றாம் வாரத்தில் உரசல் வந்தது, தடிப்பு வரவில்லை. 'அஸ்' என்று ஸீனாலும் ஸாதாலும் மாறி மாறிச் சொல்லச் செய்து, நாவின் பின்பகுதி எழுவதை அவரே உணர்ந்த பின், அவ்வெழுச்சியோடு ளாதுக்கு வரச் சொன்னேன். இரண்டு மாதம் கழிந்த ஒரு வெள்ளியிரவு, ஃபாத்திஹாவின் கடைசிச் சொல்லை மட்டும் மூன்று முறை ஓதினார். முதலிரண்டு முறை பழைய ளகரம். மூன்றாம் முறை வந்தது ளாத். அருகில் அமர்ந்திருந்த ஆம்பூர்க்காரர் ஒருவர், தம் 'ஜ'வை விட்டுவிட்டு, "எனக்கும் அந்த 'அள்'ளிலிருந்தே தொடங்குங்கள் ஹஜ்ரத்" என்றார்.

பெரியவர் இப்போதும் பத்தில் நான்கு முறை ளகரத்திற்கே திரும்பிவிடுகிறார். ஆனால் வீட்டில் மகனைப் பின்னால் நிறுத்திவிட்டு அவரே முன்னின்று ஓதுவதாகச் சென்ற வாரம் அவர் மகன் கூறினார்.